படகைத் திருப்பிக் கட்டினால் போதும்

கோமதி இறந்துவிட்ட செய்தி வந்தபோது நான் தம்பானூர் பஸ் நிலையத்தில், பெண்கள் கழிப்பறைக்குச் சற்றுத் தள்ளி, மனைவியின் கைப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியிருந்தோம். கழிப்பறை வாசலில் நீண்ட வரிசை. மனைவி அதன் கடைசியில் நின்றாள். எங்கள் பழைய அலுவலக வாட்ஸாப் குழுவில் யாரோ மலையாளத்தில் ஒற்றை வரி போட்டிருந்தார்கள். கீழே கைகூப்பும் படங்கள் வரத் தொடங்கியிருந்தன. வேறு எந்த இடத்தில் நின்று வாசித்திருந்தாலும் எனக்குத் துக்கம் மட்டும்தான் வந்திருக்கும். அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு வாசித்ததால் கோபமும் வந்தது. அது இன்னும் போகவில்லை.

கோமதியை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கழக்கூட்டம் என்ற ஊரில், மென்பொருள் அலுவலகங்களுக்கு நடுவே, மாடியில் இரண்டு அறைகளில் எங்கள் அலுவலகம் இருந்தது. சிறிய படகுகளை வடிவமைத்துக் கொடுப்பது தொழில். படகின் உடலை வரைவது கோமதி. உள்ளே இருக்கை, படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் வரைவது நான். அவர் கரமனை அக்ரகாரத்துத் தமிழ். நான் நாகர்கோவில் தமிழ். இரண்டு பேரும் சண்டை போடும்போது மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

காயல் கரையில் உள்ள ஒரு படகுக் கிளப் எங்களிடம் சிறிய பாய்மரப் படகு ஒன்று கேட்டது. குடும்பங்கள் காலையில் கடலுக்குப் போய் மாலையில் திரும்ப வேண்டும். தலைவர் கொண்டுவந்த குறிப்பில் பாட்டுப் பெட்டிக்கும் பனிக்கட்டிப் பெட்டிக்கும்கூட இடம் இருந்தது. எல்லாம் பேசி முடித்த பிறகு கோமதி கேட்டார்: "இதுலே போறவா ஒண்ணுக்கு எங்கே போவா?"

தலைவர் சிரித்தார். "கடல் முழுவனும் கெடக்கல்லோ, மேடம்."

"அது உங்களுக்கு" என்றார் கோமதி. அவர் பென்சிலை எடுத்து, படகின் படத்தில் ஒரு சிறிய சதுரத்தைப் போட்டார். எந்த இடத்தில் என்பதைப் பிறகு முடிவு செய்யலாம், இருக்கிறது என்பது முடிந்துவிட்டது என்றார்.

அந்தச் சதுரத்துக்குள் அவருடைய பாதி வாழ்க்கை இருந்தது. கரமனை வீடு வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் ரயில் பெட்டி போல நீண்டது. கழிப்பறை கொல்லையின் கடைசியில். கூடத்தில் எத்தனை ஆண்கள் உட்கார்ந்திருந்தாலும் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் வேலை ஒரு படகுக் கட்டுமானக் கூடத்தில். அங்கே பெண்களுக்கென்று கழிப்பறையே கிடையாது. "காலம்பற ஒரு காப்பி. சாயங்காலம் ஆத்துக்கு வந்து ஒரு சொம்பு தண்ணி. நடுவிலே நாக்கு ஒட்டிண்டா ஒட்டிக்கட்டும்" என்று ஒருமுறை சாதாரணமாகச் சொன்னார். கடலில் பாய் விரித்துப் போவதில் அவருக்கு அவ்வளவு ஆசை. போகிற அன்றைக்குக் காலைக் காப்பியையும் விட்டுவிடுவார்.

எங்கள் பெரிய சண்டை அந்தச் சதுரத்தை எங்கே வைப்பது என்பதில்தான். நான் படகின் மூக்கில் வைத்தேன். வேறு எதற்கும் உதவாத கூர்மையான இடம். பல சின்னப் படகுகளில் அங்கேதான் வைக்கிறார்கள். கோமதி வாதாடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் படகில் என்னைச் சங்குமுகம் கடற்கரைக்கு எதிரே கூட்டிக்கொண்டு போனார். மூக்குப் பகுதியில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து, கையில் செய்தித்தாளைக் கொடுத்து, ஒரு பக்கம் படித்துவிட்டு வரச் சொன்னார். அலை அன்றைக்குப் பெரிதும் இல்லை. தலையை இடித்துக்கொண்டு, முகம் வெளுத்து, தலைப்புகளைக்கூடத் தாண்டாமல் வெளியே வந்தேன்.

"பார்க்கிலே சீசா பார்த்திருக்கேளோன்னோ, தாணு. நுனியிலே உட்கார்றவாளைத்தான் தூக்கித் தூக்கிப் போடும். நீங்க சும்மா பேப்பர் படிக்கப் போனேள். ஒருத்தி புடவையோட, அடக்க முடியாம அங்கே போனா என்ன பண்ணுவா?" என்று கேட்டார்.

படகில் ஆட்டம் குறைந்த இடம் நடுவுக்குச் சற்றுப் பின்னால், மேல்தட்டிலிருந்து உள்ளே இறங்கும் படியடியில், இடது பக்கம். அங்கே நான் அடுப்பு வைத்திருந்தேன். படகின் மிக நல்ல இடத்தைக் கழிப்பறைக்குக் கொடுப்பதா என்று கத்தினேன். அடுப்பு வலது பக்கத்துக்குப் போனது; பாதியாகவும் ஆனது.

கிளப் தலைவர் அதற்குள் வாஸ்து பார்ப்பவர் ஒருவரைக் கூட்டிவந்துவிட்டார். கழிப்பறை எந்த மூலையில் வரக்கூடாது என்று பார்க்க வேண்டுமாம். வந்தவர் வரைபடத்தை மேசையில் விரித்து, "இதில் வடக்கு எது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டேன். கோமதி சிரிக்கவே இல்லை.

"படகு திரும்பினா வடக்கும் திரும்புமாக்கும். ஆனா ராத்திரி கட்டிப் போடறோமே, அப்போதான் அதுக்கு வீடு. அந்த நிலையை வெச்சுப் பார்க்கலாமா?" என்றார்.

வாஸ்துக்காரருக்கு அது பிடித்துப்போயிற்று. படித்துறையில் படகுகள் கிழக்கே பார்த்து நிற்கும். அப்படி நின்றால் இடது பக்கம் வடக்கு, பின்பக்கம் மேற்கு. கோமதி போட்ட சதுரம் வடமேற்கில், வாயு மூலையில் விழுந்தது. "உத்தமமான இடம்" என்று அவர் எழுந்தார். கோமதி இதை முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தாரா என்று கேட்டேன். அவர் பென்சிலைச் சீவத் தொடங்கினார்.

படகு நீரில் இறங்கிய பின் நடந்த முதல் நீண்ட பயணத்தில் நானும் இருந்தேன். கிளப்பைச் சேர்ந்த சில பெண்களும் வந்தார்கள். சுக்கான் கோமதியிடம். கரை கோடாக மெலிந்த பிறகு அவர் ஒரு பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சுக்கானை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். கழிப்பறைக் கதவில் இருந்தது அவரே வடிவமைத்த பித்தளைத் தாழ்ப்பாள். படகு ஆடும்போது ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் போடலாம். அது விழுகிற சத்தம் மேலே கேட்டது. திரும்பி வந்தவர் முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு, "கடலுக்கு நடுவிலே ஒரு கதவு, தாணு. உள்ளேர்ந்து தாழ்ப்பாள்" என்றார். அவரை அத்தனை சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அப்புறம் எல்லாம் சரிவுதான். கழிப்பறையின் தொட்டியைக் கழற்றிக் கரைக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டிக் கழுவ வேண்டும். பயன்படுத்துகிறவர்களே மாறி மாறிச் செய்யலாம் என்பது கோமதியின் ஏற்பாடு. கிளப்பில் ஒருவர்கூட அதைத் தொடவில்லை. படகுகளைப் பார்த்துக்கொள்ளும் ரவியிடம் தள்ளப் பார்த்தார்கள். அவனுடைய வேலை அதுவல்ல என்று கோமதி தடுத்துவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கைப்பிடியை அவரும் மறு கைப்பிடியை நானும் பிடித்துத் தூக்கினோம். வராந்தாவில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பவர்கள் கப்பைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள்.

பிறகு கிளப் எதிர்க்கரையில் புதுப் படித்துறை கட்டியது. அங்கே படகுகளை மேற்கே பார்த்துக் கட்டினார்கள். கோமதியின் கழிப்பறை தென்கிழக்குக்கு, அக்கினி மூலைக்குப் போய்விட்டது. அக்கினி மூலையில் அடுப்புத்தான் இருக்க வேண்டும் என்று கமிட்டி கூடித் தீர்மானித்தது. மூலை ஒரு சாக்கு. தொட்டிதான் அவர்களுக்குத் தொந்தரவு.

கோமதி கமிட்டிக்கு முன்னால் போய் நின்றார். "ஒண்ணும் இடிக்க வேண்டாம். படகைத் திருப்பிக் கட்டினா போறும்" என்றார். எல்லாப் படகும் ஒரு பக்கம் பார்க்க, ஒன்று மட்டும் திரும்பி நின்றால் காண நன்றாயிராது என்று பதில் வந்தது. அந்த வாரமே கதவைப் பெயர்த்துவிட்டு அங்கே அடுப்பை வைத்தார்கள். நான் முதலில் வரைந்த அதே இடத்தில், நான் வரைந்த அதே அளவில்.

கோமதியின் சிறுநீரகங்கள் கெட்டுப்போனது அதற்கப்புறம்தான் தெரிந்தது. பல வருடங்களாக அடிக்கடி தொற்று வந்து, வெளியே சொல்லாமல் மாத்திரை விழுங்கியிருக்கிறார். தண்ணீர் குடிக்காததுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவரால் முடியாது. நான் டாக்டர் இல்லை, என்னால் முடியும். டயாலிசிஸ் தொடங்கிய பின் பார்க்கப் போனேன். மேசையில் ஒரு சின்னத் தம்ளர், அடியில் கொஞ்சம் தண்ணீர்.

"இப்போ டாக்டரும் தண்ணி குடிக்காதேங்கறார். எனக்கென்ன கஷ்டம், சின்னதுலேர்ந்து பழகினதாக்கும்" என்றார். நான் கிளம்பும்போது, "படகு எந்தப் பக்கம் பார்த்து நிக்கறது?" என்று மட்டும் கேட்டார். மேற்கே என்றேன்.

செய்தி வந்த அன்று கல்யாணத்தை விட்டுவிட்டு நானும் மனைவியும் தம்பானூரிலிருந்து நேராகக் கரமனைக்குப் போனோம். எல்லாம் முடிந்த பின் மனைவியை வீட்டில் விட்டுவிட்டு நான் படித்துறைக்குப் போனேன். ரவி உட்கார்ந்திருந்தான். இரண்டு தேநீர் வாங்கிவைத்துக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மேடம் எப்பளும் பறயும், ஸாறே. திருப்பிக் கெட்டியால் மதின்னு" என்றான். மதி என்றால் போதும். நான் எழுந்து கயிற்றை அவிழ்த்தேன். அவன் மறுமுனையைப் பிடித்தான். நாங்கள் வாங்கிவைத்த தேநீர் ஆறுவதற்குள் படகு கிழக்கே பார்த்து நின்றது. அவ்வளவுதான் வேலை. உள்ளே எட்டிப் பார்த்தேன். வாயு மூலையில் அடுப்பு இருந்தது. மறுநாள் காலையில் கமிட்டிக்காரர்கள் பார்த்துவிட்டுப் பழையபடி கட்டச் சொன்னதாக ரவி போன் செய்தான்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியவை இரண்டு. ஒன்று, கதவைப் பெயர்த்தபோது ரவி எடுத்துவைத்துத் தந்த பித்தளைத் தாழ்ப்பாள். அது என் மேசையில் கிடக்கிறது. போடுவதற்குக் கதவு இல்லை. மற்றொன்று, ஒண்ணுக்கு எங்கே போவா என்ற அவருடைய கேள்வி. எந்தப் படத்தை வரைய உட்கார்ந்தாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். கேட்பதால் எதுவும் மாறவில்லை என்பதை அவரை அறிந்த உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

ரவி போன் செய்த அன்றே, கல்யாணம் முடிந்த வீட்டில் தலையைக் காட்டிவிட்டு வரலாம் என்று நாகர்கோவிலுக்குப் புறப்பட்டோம். தம்பானூரில் அதே வரிசை. மனைவி பார்த்துவிட்டு நிற்காமல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். நல்ல வெயில். பாட்டிலைத் திறந்து நீட்டினேன்.

"வேண்டாம். அங்க போய்ச் சேந்த பொறவு குடிச்சுக்கிடுகேன்" என்றாள்.

நான் மூடியைப் போட்டேன். பாட்டில் நாகர்கோவில் வரைக்கும் நிறைந்தபடியே என் மடியில் இருந்தது.