ஏழாம் நம்பர் டோக்கன்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஒரு ஏரியில் காணாமல் போனேன். எனக்கு அது தெரியாது. அந்த நேரத்தில் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

பெங்களூர் தொம்மலூரில் என் கணவரின் ஆபீஸில் ஜெயசீலன் என்று ஒரு எலக்ட்ரீஷியன். கோலார் தங்கவயலுக்குப் பக்கத்தில் நாற்பது வீடுகள் உள்ள ஒரு கிராமம் அவருடையது. சுரங்கத்தை மூடிய பிறகு சில குடும்பங்கள் அங்கே வீடு கட்டிக்கொண்டு போய்விட்டன. தினமும் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் வருகிறார். கிளம்பும்போது ஆறு வயது மகள் தூங்குகிறாள். திரும்பும்போதும் தூங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் அப்பாவும் மகளும் பேசிக்கொள்கிறார்கள்.

இதற்கு ஜெயசீலன் கண்டுபிடித்த வழி — ஒருநாள் சுற்றுலா. மலை, ஏரி, குகைக் கோயில், கிராமத்துச் சாப்பாடு. ஆபீஸிலிருந்து முப்பது பேர் டீம் அவுட்டிங் வரத் தயார். அது நன்றாகப் போனால் அக்கம்பக்கத்து ஆபீஸ்களும் வரும், ரயிலுக்கு டாட்டா சொல்லிவிடலாம் என்பது அவர் திட்டம். ஆனால் யாராவது முதலில் போய்ப் பார்த்து ரிப்போர்ட் தர வேண்டுமாம். பத்தி எழுதுகிறவள், வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்... என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். துணைக்குக் கணவர்.

ஜெயசீலன் வீட்டு வாசலில் ஒரு மரப்பலகை. அதில் எட்டு ஆணி, எட்டுப் பித்தளை டோக்கன். அவருடைய அப்பா, சுரங்கத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், எனக்கு ஏழாம் நம்பரையும் கணவருக்கு எட்டாம் நம்பரையும் எடுத்துக் கொடுத்தார். வெளியே போகும்போது எடுத்துக்கொண்டு போக வேண்டும், திரும்பி வந்ததும் மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு இருந்த ஏற்பாடு.

நாங்கள் ரெண்டே பேர், பார்த்தாலே தெரியுமே என்றார் கணவர். பெரியவர் சிரிக்கவில்லை.

மலைக்குப் போனோம். பாறைகள் நன்றாக இருந்தன. குகைக் கோயிலுக்குப் போனோம். சாவி வைத்திருப்பவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் பூட்டைப் பார்த்தோம். நல்ல பூட்டு. திரும்பி வந்து டோக்கனை மாட்டிவிட்டு, களியும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிட்டோம். அதைப் பற்றி நான் கிண்டலாக எதுவும் சொல்ல மாட்டேன்.

சாப்பிட்டபின் மறுபடி டோக்கன், ஏரி. கரையில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. ஸ்டேஷனுக்குத்தான் போகிறது, ரெண்டு சீட் காலி. நான் ஏறி இடம் பிடித்தேன். கணவர் வீட்டுக்கு ஓடி, பையை எடுத்துக்கொண்டு, கிளம்புகிறோம் என்று ஜெயசீலனிடம் சொல்லிவிட்டு, தன் டோக்கனை மாட்டிவிட்டு ஓடி வந்தார். ஆபீஸில் பயோமெட்ரிக் வைத்து வைத்துப் பழகிய மனிதர்.

என் டோக்கன் என் ஹேண்ட்பேக்கில் இருந்தது.

அப்புறம் நடந்தது எல்லாம் எனக்குப் பின்னால் தெரிய வந்தது. பெரியவர் பலகையைப் பார்த்திருக்கிறார். ஏழாம் ஆணி காலி. அவர்கள் அப்போதே போய்விட்டார்களே, சார் வந்து சொன்னாரே என்றிருக்கிறார் ஜெயசீலன்.

"சாரு வந்தாரு. அந்தம்மா வந்ததை நீ பார்த்தியா?"

பார்க்கவில்லை. போன் போட்டிருக்கிறார்கள். என் போன் சைலன்ட்டில். போட்டோவாக எடுத்துத் தள்ளியதில் கணவர் போனுக்கு உயிரே இல்லை. அவ்வளவுதான், நாற்பது வீடும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. பாதிப்பேர் மலைக்கு, பாதிப்பேர் ஏரிக்கு. அந்த ஏரியில் தண்ணீர் முழங்கால் வரைதான். மூழ்க வேண்டுமானால் படுத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் இறங்கி இரண்டு தடவை தேடியிருக்கிறார்கள்.

கே.ஆர்.புரம் ஸ்டேஷனில் விழித்துப் பார்த்தால் முப்பத்தோரு மிஸ்டு கால். கூப்பிட்டேன். நான் இருக்கும் இடத்தை ஜெயசீலனிடம் சொன்னேன். பெரியவர் போனை வாங்கினார். டோக்கன் எங்கே என்று கேட்டார். பையில் இருக்கிறது என்றேன்.

"அப்ப கணக்குக்கு நீங்க இன்னும் ஏரியிலதான் இருக்கீங்கம்மா."

திங்கட்கிழமை டோக்கனை ஜெயசீலனிடம் கொடுத்தனுப்பப் பார்த்தேன். அவர் கையை நீட்டவில்லை. "நான் மாட்டக்கூடாது மேடம். எடுத்தவங்கதான் மாட்டணும். டோக்கனை மதிக்காதவங்களைக் கூட்டிட்டு வராதேன்னு அப்பா சொல்லிட்டாரு. அவுட்டிங்கே வேணாமாம்." முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். அவர் மகளின் ஞாயிற்றுக்கிழமையை நான் ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை தனியாக ரயில் ஏறினேன். இரண்டரை மணி நேரம் போய், ஆட்டோ பிடித்து, ஒரு பித்தளைத் தகட்டை ஓர் ஆணியில் மாட்டினேன். மன்னிச்சுக்குங்க ஐயா என்றேன்.

பெரியவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கேட்காமலே சொன்னார்.

"ஒருநாள் ஷிப்ட் முடிஞ்சி, எனக்கு அவசரம்னு, கூட்டாளி டோக்கனையும் வாங்கிட்டு வந்து நானே மாட்டிட்டேன். பின்னாடியே வர்றான்னு நெனச்சேன். போர்டு ஃபுல்லா இருந்துச்சி, யாரும் தேடலை. மறுநாள் காலையிலதான் கீழேருந்து அவனைத் தூக்கினாங்க."

பிழைத்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

டீ வந்தது. குடித்தோம். பாதி டீயில், ஆபீஸிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டார். முப்பது என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் சுத்தியல் இருந்தது. பலகையில் ஒன்பதாவது ஆணியை அடிக்க ஆரம்பித்தார்.

ரிப்போர்ட்டில் ஆபீஸ் கேட்ட முதல் கேள்வி — அந்த இடம் சேஃப்தானா?

ரயிலில் தூங்குகிறவளைக்கூட ஏரியில் இறங்கித் தேடுவார்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.