எட்டுக் கம்பியும் சரிதான்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையோடு சரி. தெருவில் எல்லோருக்கும் அவர் டெஸ்டர். சட்டைப் பையில் எப்போதும் கரண்ட் பார்க்கும் டெஸ்டர் ஒன்று குத்தியிருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஃபேன் சுற்றவில்லை என்றால் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார்.

இருபது வருஷத்துக்கு மேல் வீட்டு வயரிங் வேலை. தான் கம்பி இழுத்த வீட்டிலிருந்து யாரும் குறை சொல்லித் திரும்பக் கூப்பிட்டதில்லை என்பார். கூப்பிடாமலா இருந்திருப்பார்கள்? கூப்பிட்டிருப்பார்கள். இவர் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "என் கம்பியில ஒண்ணும் இல்ல, உங்க மிக்ஸியத்தான் மாத்தணும்" என்று சொல்லிவிட்டு வந்திருப்பார். அப்படிப்பட்ட ஆள். நல்ல வேலைக்காரர்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தன் கையால் செய்ததில் தப்பு இருக்கும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே தோன்றாது.

போன வருஷம் ஒரு மாடிப்படி விளக்குக்காக ஏணி ஏறியவர் ஏணியோடு விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது, பையிலிருந்த டச் போனும் உடைந்தது. இடுப்புக்கு ஆணி அடித்தார்கள். போனுக்கு அடிக்க ஆணி இல்லை. அன்றிலிருந்து புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பட்டன் போன்தான். இனி ஏணிப் பக்கம் போகவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மனைவிக்கு ஒரு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலை. அவள் ஒருத்தி சம்பாத்தியத்தில் வீடு நொண்டிக்கொண்டுதான் போனது. அந்த நேரம் பார்த்து ஒரு ஏஜெண்ட் வந்து சேர்ந்தான். கடல் தாண்டி ஒரு நாட்டில் வயதான தம்பதியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். இரண்டு வருஷம், நடுவில் வர முடியாது. அவள் சம்மதித்துவிட்டாள். திங்கட்கிழமை விமானம்.

"போகணும்னு எனக்கு என்ன ஆசையா? வேற வழி இருந்தா சொல்லுங்க" என்றாள்.

பிள்ளைகுட்டி இல்லை. அவளுக்கு அவர், அவருக்கு அவள், அவ்வளவுதான் குடும்பம். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் அவரும் சுவரும்தான்.

வழி மைத்துனன் ரூபத்தில் வந்தது. மனைவியின் தம்பி, வேறு ஊரில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடை வைத்திருப்பவன். இடுப்பு தேறிக்கொண்டிருந்த மாதங்களில் அவன் கடையில் உட்கார்ந்துதான் இவர் கம்ப்யூட்டரில் வயரிங் பிளான் வரையக் கற்றுக்கொண்டார். பொழுதுபோக்காக ஆரம்பித்தது, கை நன்றாகவே வந்துவிட்டது.

"மாமா, வீடு கட்டுறவங்களுக்கு வயரிங் பிளான் போட்டுக் குடுக்கிற ஆபீஸ் ஒண்ணு ஆள் தேடுது" என்றான் மைத்துனன் போனில். "வீட்டுலயே உக்காந்து வேலை. சனிக்கிழமை மூணு மணிக்கு அவங்க லைன்ல வந்து நீங்க வரையுறதப் பாப்பாங்க. பிடிச்சுப்போச்சுன்னா அங்கயே சொல்லிடுவாங்க. அப்புறம் அக்கா எங்கயும் போக வேண்டாம்."

"எங்கிட்ட கம்ப்யூட்டர் எங்கடா இருக்கு?"

"பாகமா அனுப்புறேன். நீங்களே மாட்டிக்க மாட்டீங்களா?"

மாட்டிக்க மாட்டாரா! வீடு வீடாக வயரிங் போட்டவருக்கு இது என்ன கம்பசூத்திரமா? மனைவி ஏஜெண்டிடம் சனிக்கிழமை சாயங்காலம் வரை பொறுக்கச் சொன்னாள். வீட்டுக்கு நெட் இணைப்பு வாங்கினார்கள். கம்பெனிக்காரன் வந்து வாசல் கதவுக்குப் பக்கத்தில் நெட் டப்பாவை மாட்டிவிட்டுப் போனான். வீடோ ரயில் பெட்டி மாதிரி நீளம். மேஜை இருப்பது கடைசி அறையில். "பின்னறை வரைக்கும் ஒயர் இழுக்கணும்னா தனியா ஆள் வரணும்" என்று அவன் சொன்னதும் டெஸ்டருக்குச் சிரிப்பு வந்தது.

"யார் வீட்டுல வந்து யாரு ஒயர் இழுக்குறது?"

தானே இழுத்தார். சுவருக்குள் பைப் வழியாக, வெளியே ஒரு இணுக்குத் தெரியாமல். நெட் கம்பிக்குள் எட்டு இழைகள், நான்கு நிறங்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் வெள்ளைக் கோடு போட்ட ஒரு ஜோடி. ஜோடிகளைப் பக்கம் பக்கமாக அழகாக வரிசைப்படுத்தி, அந்த முனையில் எப்படியோ இந்த முனையிலும் அப்படியே வைத்து, இரண்டு பக்கமும் கிளிப்பை அழுத்தினார். கம்பி எங்காவது அறுந்திருக்கிறதா என்று மீட்டரை வைத்துப் பார்த்தார். எட்டும் பீப் அடித்தது. அவர் தொழிலில் பீப் அடித்தால் சரி. அதற்கு மேல் ஒரு கேள்வி கிடையாது.

பாகங்கள் வந்து சேரத்தான் தாமதமாகிவிட்டது. சனிக்கிழமை காலை, மனைவி வேலைக்குக் கிளம்பும்போது, அவர் பின்னறையில் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போர்டை வைத்து ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைப் போட்டபடி, "ரெண்டரைக்குள்ள வந்துடுவேன்" என்றாள். "சாமி, இது மட்டும் நல்லபடியா நடக்கட்டும்." அதை அவரிடம் சொல்லவில்லை. கதவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

கம்ப்யூட்டர் முதல் தடவையிலேயே உயிர் பெற்றது. மைத்துனன் பென் டிரைவில் கொடுத்தனுப்பிய, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸை ஏற்றினார். அந்த ஆபீசின் வரைபட சாஃப்ட்வேர் லினக்ஸில்தான் ஓடும். அதுவும் ஏறிவிட்டது. கேமராவில் தன் முகம் தெரிந்தபோது தலையைக் கூடக் கோதிக்கொண்டார். பிறகுதான் நெட் கம்பியைச் செருகினார். ஒன்றும் இல்லை. விளக்கு எரியவில்லை, நெட் இருக்க வேண்டிய மூலையில் ஒரு பெருக்கல் குறி.

மைத்துனனைக் கூப்பிட்டார். அவன் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் தட்டினார்.

"நெட் கார்டு இருக்கு மாமா. ஆனா போர்டு ரொம்பப் புதுசு, இது யாருன்னு லினக்ஸுக்குத் தெரியல. டிரைவர்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதப் போடணும்."

"போடு."

"அத இறக்கணும்."

"எதுலருந்து?"

"இன்டர்நெட்லருந்து."

டெஸ்டர் போனைக் காதிலிருந்து எடுத்து முறைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"அட கூமுட்டை, அது வரலன்னுதானேடா உன்னக் கூப்பிட்டேன்!"

அடுத்த தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு போனார். கடைக்கார அம்மா, மைத்துனன் போனில் எழுத்து எழுத்தாகச் சொன்னதைத் தட்டி, பென் டிரைவில் இறக்கிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து போட்டால், அந்த டிரைவரைக் கட்டியெழுப்ப வேறு நாலு சாமான் வேண்டும் என்று ஆங்கிலத்தில் வரி வரியாகக் கத்தியது. மறுபடி ஜெராக்ஸ் கடை. மறுபடி வீடு. இடுப்பில் ஆணி இருக்கும் இடம் விண்விண்ணென்று தெறித்தது. அந்த வலி அவருக்கு உறைக்கக்கூட இல்லை. மதியமாகிவிட்டதே என்ற பதைப்புதான் இருந்தது.

ஒருவழியாக டிரைவர் ஏறியது. பெருக்கல் குறி போய், செருகிய இடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. "எரியுதுடா!" என்று போனில் கூவினார்.

கூவி முடிப்பதற்குள் அணைந்துவிட்டது. திரையில் செய்தி மாறி மாறி வந்தது. இணைக்கப்பட்டது என்றது. துண்டிக்கப்பட்டது என்றது. மறுபடி இணைக்கப்பட்டது என்றது. ஒரு பக்கம் கூடத் திறக்கவில்லை.

"ஒயர மாத்திப் பாருங்க மாமா" என்றான் மைத்துனன்.

"என்னது?"

"ஒயர். வேற ஒயர் போட்டு..."

"நான் இழுத்த ஒயருடா அது! எட்டும் பீப் அடிக்குது. உன் டிரைவர்தான் ஓட்டை. வேற டிரைவர் இருந்தா சொல்லு."

பாவம், அவன் என்ன செய்வான்? வேறொன்று சொன்னான். மூன்றாவது தடவையாக ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்தார். அதைப் போட்டபோதும் இணைக்கப்பட்டது, துண்டிக்கப்பட்டது. முதல் கோளாறு டிரைவராக இருந்ததால் எல்லாக் கோளாறும் டிரைவர்தான் என்று அவருக்குள் முடிவாகிவிட்டது. மனுஷன் வெறி பிடித்தவர் மாதிரி ஏற்றினார், அழித்தார், அணைத்தார், மறுபடி போட்டார். நடுவில் இரண்டு முறை மீட்டரை எடுத்துக் கம்பியைச் சோதிக்கவும் செய்தார். எட்டும் சரிதான்.

இரண்டரைக்கு மனைவி வந்தாள். வியர்வையோடு பின்னறை வாசலிலேயே நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை, இருந்தும் கேட்டாள்.

"வரலையா?"

"வரும். கொஞ்சம் சும்மா இரு."

அவள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து, எரிந்து எரிந்து அணையும் விளக்கைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "பேசாம கம்ப்யூட்டர டப்பா பக்கத்துல கொண்டுபோய் வச்சுப் பாத்தா என்னங்க? அவன் டப்பாவோட ஒரு குட்டை ஒயர் குடுத்துட்டுப் போனானே" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும் இதப் பத்தி? துணி துவைக்கிற வேலைன்னு நெனச்சியா? ஒயர்ல ஒண்ணும் இல்லன்னா இல்ல!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர் காதில் விழுந்தது. அவள் ஈரம் காய்ந்து தோல் உரிந்திருந்த கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க அவருக்கு நேரமில்லை. நேரம் இருந்திருந்தால் கேட்டிருப்பாரா? அதுவும் சந்தேகம்தான்.

மூன்று மணி தாண்டியது. பட்டன் போன் அடித்தது. ஆபீசிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர்.

"சார், நாங்க லைன்ல இருக்கோம். உங்களக் காணோமே?"

"அம்மா, ஒரு பத்து நிமிஷம். நெட் கொஞ்சம் தகராறு பண்ணுது. இதோ வந்துடுச்சு."

"சரி சார். அரை மணி வரைக்கும் இருப்போம். அதுக்கப்புறம் இன்னொருத்தர் இருக்காங்க."

அவசரத்தில் தட்டியதெல்லாம் தப்பு தப்பாக விழுந்தது. கடவுளைக் கூப்பிட்டார், லினக்ஸைக் கண்டுபிடித்தவனின் பரம்பரையையே திட்டினார், மேஜையை ஓங்கி அறைந்தார். கடைசியில் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, போச்சே... எல்லாம் போச்சே" என்று சின்னப் பிள்ளை மாதிரி விசும்ப ஆரம்பித்துவிட்டார்.

மனைவி எழுந்தாள். அனுமதி கேட்கவில்லை. எல்லாக் கம்பிகளையும் பிடுங்கினாள், பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள். திரும்பி வந்து திரையை எடுத்துப் போனாள். பிறகு கீபோர்டு, மவுஸ், கேமரா. நெட் டப்பாவுக்குக் கீழே தரையிலேயே எல்லாவற்றையும் பரப்பினாள். டெஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து, தரையில் உட்கார முடியாமல் உட்கார்ந்து, குட்டை ஒயரைச் செருகினார்.

பச்சை விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. பக்கம் பளிச்சென்று திறந்தது.

திறந்த பக்கத்தில், இந்த அமர்வு முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தது.

போன் போட்டார். "ஐயோ சார், இப்பத்தான் அடுத்தவர லைன்ல எடுத்தோம்" என்றாள் அந்தப் பெண். மரியாதையாகத்தான் சொன்னாள். "பரவால்ல சார், வேற எடம் காலியானா கண்டிப்பா சொல்றோம்." ஒரு மணி நேரம் கழித்து மைத்துனன் கூப்பிட்டான். அந்த அடுத்தவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்களாம்.

சாயங்காலம் அவள் ஏஜெண்டுக்குப் போன் செய்து, வருகிறேன் என்றாள். ஒரே வார்த்தை. பிறகு பெட்டி அடுக்க ஆரம்பித்தாள். டெஸ்டர் வாசற்படியை விட்டு நகரவில்லை.

"உன் தம்பி சொன்னப்பவே கேட்டிருந்தா..." என்றார்.

"விடுங்க."

"நீ வந்து சொன்னப்பவாவது கேட்டிருக்கலாம். நேரம் இருந்துச்சு."

"விடுங்கன்னு சொல்றேன்ல" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "ரெண்டு வருஷம்தானே." சொல்லிவிட்டுப் பெட்டியின் மேலேயே கவிழ்ந்து அழுதாள்.

திங்கட்கிழமை அவள் போய்விட்டாள்.

வீட்டுக்குத் திரும்பிய டெஸ்டர் முதல் வேலையாக அந்த ஒயரின் இரண்டு முனைகளையும் வெட்டி எறிந்தார். மைத்துனனைக் கூப்பிட்டு, முதல் தடவையாக, "எப்படிடா வைக்கணும்? நீ சொல்லு" என்று கேட்டார். எல்லா ஜோடியையும் பக்கம் பக்கமாக வைக்கக் கூடாதாம். பச்சை ஜோடியை மட்டும் பிரித்து, நீல ஜோடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக உட்கார வைக்க வேண்டுமாம். இல்லையென்றால் மீட்டருக்குச் சரியாக இருக்கும், நெட்டுக்குச் சரியாக இருக்காது. கரண்டுக்குக் கம்பி இணைந்திருந்தால் போதும், நெட்டுக்கு எந்த ஜோடி எங்கே உட்கார்கிறது என்பதும் முக்கியமாம். அவன் சொன்னபடியே வைத்து அழுத்தி, கம்ப்யூட்டரை மறுபடி பின்னறை மேஜையில் வைத்துச் செருகினார். பின்னறையில் பச்சை விளக்கு எரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தன் கையையே வெட்டிப் போடலாம் போல ஆத்திரமாக வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கம்ப்யூட்டரில் கூப்பிட்டாள். போன இடத்தில் அவளுக்கு ஒரு டச் போன் கொடுத்திருந்தார்கள். அங்கே ராத்திரி. கட்டில் போட்ட ஒரு சின்ன அறை, பின்னால் மூடிய ஜன்னல். முகம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது கூடத் தெரிந்தது.

"சாப்டீங்களா?"

"ம்."

"என்ன சாப்டீங்க? பொய் சொல்லாதீங்க. கேமராவ அடுப்பு பக்கம் திருப்புங்க."

"ஒயர் எட்டாது."

அவள் சிரித்தாள். அந்தக் கிழவர் ராத்திரியில் நாலு தடவை எழுப்புகிறார் என்றாள். அந்தக் கிழவி நல்ல மாதிரி என்றாள். இடுப்பு வலிக்கு மாத்திரை போடுகிறாரா என்று கேட்டாள். பதிலைக் கேட்டுக்கொண்டே தலையணையில் சாய்ந்தவள், ஏதோ சொல்ல வாயெடுத்துப் பாதியிலேயே தூங்கிப்போனாள். போன் அவள் கையிலிருந்து சரிந்து, ஒரு கன்னமும் கொஞ்சம் தலைமுடியும் மட்டும் தெரிந்தன.

லைனைத் துண்டிக்க அவருக்கு மனசு வரவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, பொழுது சாயும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். நெட் ஒரு தடவை கூட அறுபடவில்லை.