ஏழு விநாடியும் யோகம் அக்காவின் கேள்வியும்

செவ்வாய்க்கிழமை காலை, வானொலி நிலையத்தில் நான்காவது லைனின் விளக்கு எரிந்தது. நேயர் யாரோ என்று எடுத்தேன். யோகம் அக்காவின் கணவர். "அவ போயிட்டா, தம்பி" என்றார். மூளையில் இரத்தக் கசிவு. வயது நாற்பத்து நான்கு. அடுத்த விளக்கு எரிந்தது, அதையும் எடுத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

மெல்பர்னில் உங்களில் பலர் அவரை விருந்துகளில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அழைப்புகளை எடுப்பவர். கொழும்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழகிய காது. அழைப்பவரின் பெயர், ஊர், விஷயம் மூன்றையும் அட்டையில் எழுதி அறிவிப்பாளரிடம் நீட்டுவார். அந்த மனிதர் அதை முன்கூட்டிப் பார்க்காமல் அப்படியே வாசிப்பார். பேச்சு ஏழு விநாடி தாமதித்துத்தான் வெளியே போகும். இடையில் கெட்ட வார்த்தை வந்தால் வெட்ட ஒரு பொத்தான். அது ஒலிப் பொறியாளனான என் மேசையில்.

சில வருடங்களுக்கு முன் அக்காவின் கட்சிக் கிளை தொகுதிக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க இருந்தது. போட்டியில் ஒரு கார் வியாபாரியும் ஒரு நர்ஸும். அக்கா கிளை உறுப்பினர். நர்ஸுக்காக வீடு வீடாக நடந்தவர். எங்கள் அறிவிப்பாளர் கார் வியாபாரியின் பக்கம். வாரம் முழுக்க நேயர்கள் நர்ஸைத் திட்டினார்கள். கிளைக் கூட்டத்தில் உறுப்பினர்கள் அதே வாக்கியங்களை ஒப்பிக்கிறார்கள் என்று அக்கா வந்து சொன்னார். நான் சிரித்தேன். ரேடியோவைக் கேட்டுத்தானா ஓட்டுப் போடுவார்கள் என்றேன். எனக்கு அப்போது எல்லாமே தெரியும்.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் ஒருவர் டாண்டினாங்கிலிருந்து பேசினார். பிறகு ஸ்பிரிங்வேல்காரர் ஒருவர். பிறகு மல்கிரேவ்காரர். மூன்று புறநகர்கள், மூன்று பெயர்கள். மூன்று அழைப்பிலும் பின்னால் ஒரு கூண்டுக்கிளி கத்தியது. "மூண்டு வீட்டிலையும் ஒரே கிளியோ, தம்பி?" என்று அக்கா என்னிடம் கேட்டுவிட்டு, அட்டையில் ஊர் எழுதும் இடத்தில் வேறு எதையோ எழுதினார்.

அறிவிப்பாளர் வழக்கம்போல் வாசித்தார்: "இன்று மூன்றாம் தடவை, அதே ஆள், அதே கிளி." வாசித்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. என்னைப் பார்த்துக் கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினார். நான் பொத்தானை அழுத்தினேன். ஊருக்கு அந்த வாக்கியம் போகவில்லை, பாட்டுதான் கேட்டது.

அக்கா கதவைத் திறந்து வந்தார்.

"வெட்டினது நீயோ?"

"ஆமா. உங்க வேலை போயிருக்கும்க்கா."

"என்ரை வேலையைப் பார்க்கச் சொல்லி உன்னட்டைக் கேட்டனானோ? அதிலை என்ன கெட்ட வார்த்தை இருந்தது?"

நான் அடுத்த பாட்டைப் போட்டேன். மறுநாள் நர்ஸ் சில வாக்குகளில் தோற்றார். அந்த ஒரு வாக்கியம் போயிருந்தாலும் தோற்றிருப்பார் என்று அக்காவிடம் வாதாடினேன். "அது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. இனி ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். அதற்குப் பிறகும் தினமும் எனக்கும் சேர்த்து மதியச் சாப்பாடு கொண்டுவந்தார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வெட்டிய ஏழு விநாடியைத் திரும்பக் கேட்க எந்தக் கருவியும் இல்லை. என் படிப்பு அதில் உதவாது. எனக்கு மிஞ்சியது, அதில் என்ன கெட்ட வார்த்தை இருந்தது என்ற அக்காவின் கேள்விதான்.

இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் நிகழ்ச்சியில் ஒரு பெண்மணி எங்கள் அறிவிப்பாளரையே பொய்யர் என்றார். அறிவிப்பாளர் தன் கழுத்தில் விரலை இழுத்தார். என் கை பொத்தான் வரை போனது. கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. ஏழு விநாடியும் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.