செத்த சேவல் கூவியது

எனக்குப் பத்து வயதில் சுகர் வந்தது. வயதானவர்களுக்கு வருவது போன்றதல்ல. உடம்பில் இன்சுலினே சுரக்காமல் போய், சோற்றுக்கு முன்னால் ஊசி போட்டே ஆக வேண்டும் என்கிற வகை. பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் சொன்னால் யாரும் நம்பவில்லை. மிட்டாயாகத் தின்றிருப்பேன் என்றார்கள். நம்பியவர்கள் இன்னும் மோசம். "வெளிய சொல்லாத. பொட்டப்புள்ள, நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று அத்தை பத்து வயதிலேயே என் கல்யாணத்தை நிறுத்திவிட்டுப் போனாள். அதனால் கதவைச் சாத்திக்கொண்டுதான் எனக்கு ஊசி. கத்துவதும் கடிப்பதும் உள்ளேயே நடக்கும். ஓடி ஒளிந்து ஊசிக்குத் தப்பித்துக்கொண்டே வந்ததில் ஒருமுறை மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தேன்.

அங்கே ஒரு நர்ஸ் அக்கா, என்னைப் போன்ற பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் அம்மாவின் போனைச் சேர்த்துவிட்டார். குழுவுக்கு நாங்களே வைத்துக்கொண்ட பெயர் சர்க்கரைக் கட்டிகள். ஆளுக்கொரு ஊசி ஜோடி உண்டு. ஜோடி குத்திக்கொண்டதாகத் தனியாகக் குரல் அனுப்பினால் நாமும் குத்திக்கொள்ள வேண்டும்.

என் ஜோடி சித்தேரி மலைக்காரி. அவளை நான் பார்த்ததே இல்லை. அவள் வீட்டில் சிக்னல் கிடையாது. வீட்டில் பேசிப் பதிந்துகொண்டு, சாயங்காலம் அவள் அம்மாவோடு ஒரு பாறைக்கு ஏறிப்போய் அனுப்புவாள். "குத்திட்டேன் புள்ள. வலிக்கல. இப்ப நீ குத்து." அம்மா கெஞ்சியும் அடித்தும் நடக்காதது அந்தக் குரலுக்கு நடந்தது.

அவள் வீட்டில் நேரங்கெட்ட சேவல் ஒன்று இருந்தது. அவள் பேசும்போதெல்லாம் பின்னால் கூவும். அந்தியில் சேவல் கூவினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். ஒருநாள் சொன்னாள்: "சேவல முனியப்பனுக்கு அறுத்துட்டாங்க புள்ள. நான் கறி திங்கல, அழுதுட்டேன்." நானும் அழுதேன். அதன்பிறகு அவள் குரலுக்குப் பின்னால் சத்தமே இல்லை.

ஐப்பசி மழையில் சில நாள் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான் மறுபடி ஊசிக்கு ஓடத் தொடங்கினேன். அம்மா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் யாரிடமோ வெகுநேரம் பேசினாள். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மறுநாள் சாயங்காலம் குரல் வந்துவிட்டது. "குத்திட்டேன் புள்ள. வலிக்கல." அந்த இடத்தில் சேவல் கூவியது.

திரும்பப் போட்டுக் கேட்டேன். அதே சேவல்தான்; கடைசியில் தொண்டை கட்டியதுபோல் இழுக்கும்.

"அம்மா, செத்த சேவல் கூவுது."

"வேற சேவல் வாங்கியிருப்பாங்க. ஊசியப் போடு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அப்புறம் தினமும் இப்படித்தான். எங்கள் ஓட்டின் மேல் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அவளோ "என்னா வெயிலு புள்ள, வூட்டுக்குள்ளயே இருக்க முடியல" என்பாள். எனக்குக் காய்ச்சல் என்றால் "இப்ப நீ குத்து" என்பாள். கேட்டதற்குப் பதிலே வராது. அறுத்துத் தின்ற சேவலின் ஆவி அவளைப் பிடித்துக்கொண்டது என்று முடிவு செய்தேன். பேய்ப்படம் பார்த்த புத்தி வேறு எப்படி வேலை செய்யும்?

அந்தக் கூவலுக்குப் பயந்து, அவள் குரல் வருவதற்கு முன்பே நானாகக் குத்திக்கொள்ளப் பழகினேன். வயிற்றுச் சதையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு. பெருமை தாங்கவில்லை. பேசி அனுப்பினேன்: "நானே குத்திக்கிறேன் புள்ள. நீ இனிமே எனக்காகப் பாறைக்கு ஏற வேணாம்."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அவள் குரல் இல்லை. காற்று அடித்தது. மேடேறி வந்தவர்போல் யாரோ மூச்சு வாங்கினார்கள். பிறகு, காதுக்கு வெகு கிட்டத்தில், ஒரு பெரிய மனுஷியின் குரல் "சரி சாமி" என்றது. மறுபடி கேட்கலாமென்று தொட்டால் அது அழிக்கப்பட்டிருந்தது. போனைப் பாயில் போட்டுவிட்டு ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். பேய் பேசிவிட்டது என்றேன். அம்மா என்னைவிட அதிகமாக நடுங்கினாள். அன்றோடு மலையிலிருந்து குரல் வருவது நின்றது.

கல்லூரி விடுதிக்குப் போவதற்காக ஊசிகளைப் பெட்டியில் அடுக்கிய அன்றுதான் அம்மா வாய் திறந்தாள். அந்த ஐப்பசியில் காய்ச்சலும் வாந்தியுமாகி, மலையிறங்குவதற்குள் என் ஜோடி இறந்துபோனாள். ஏன் குரல் வரவில்லை என்று கேட்கத்தான் அம்மா கொல்லையிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். விஷயம் தெரியாமல், என் பிள்ளை ஊசி போட மாட்டேன் என்கிறாள் என்று முதலிலேயே சொல்லிவிட்டாளாம். எல்லாம் அழுது முடித்தபின் அவள் அம்மா சொன்னாராம்: "பழசெல்லாம் போன்லயே இருக்குதுங்க. உங்க புள்ளைக்கு நான் அனுப்புறேங்க."

மகளின் குரலை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு, எனக்கு ஆகிற ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த மழையில் தினமும் பாறைக்கு ஏறியிருக்கிறார். மகளுக்காகச் செய்துவந்த வேலைகளில் அவருக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதையும் வேண்டாமென்று நான்தான் சொன்னேன், ஏதோ நல்லது செய்கிற நினைப்பில். அப்போது எனக்குத் தெரிந்தவரை, செத்தது சேவல் மட்டும்தான்.