மேல் கம்பில் முள்

தொண்ணூறுகளின் கடைசியில், மேலூர் ரோட்டை ஒட்டிய ஒரு பொட்டலில் குதிரை ஏறப் பழகினேன். சமதரையில் என்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. குதிகால் கீழே இருக்கும், முதுகு நேராக நிற்கும். தடை தாண்டும்போதுதான் கோளாறு. குதிரை எழும்புவதற்கு முன்னாலேயே நான் முன்பக்கம் சாய்ந்துவிடுவேன். என் பாரம் அதன் முன்னங்காலில் இறங்கும், கால் இடித்துத் தடையின் மேல் கம்பு உருளும்.

பட்டாளத்தில் குதிரை பழக்கிவிட்டு வந்தவர் எங்கள் வாத்தியார். ஒருநாள் அவர் வேலிக்கருவை முள்ளை ஒடித்து வந்து மேல் கம்பில் வரிசையாகக் கட்டினார்.

"தப்பு என்னோடது வாத்தியாரே," என்றேன்.

"தெரியும். உன்னைய அடிச்சா நாளைக்கு வரமாட்ட. குதிரை வரும்."

வந்தது. காலில் ரத்தம் காயாமலே வந்தது. சீக்கிரமே கம்புக்கு மேல் ஒரு முழம் விட்டுத் தாண்டவும் ஆரம்பித்தது. நான் சாய்வதை நிறுத்தவேயில்லை. பார்க்க வந்த புண்ணியவான்கள் எனக்குத்தான் கை தட்டினார்கள்.

பிறகு வாத்தியார் அந்தக் குதிரையை மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட்டார். ஒரு ஊர்வலத்துக்கு நானும் அவரோடு போயிருந்தேன். தெருவின் குறுக்கே, தரையோடு தரையாக, சீரியல் லைட்டு ஒயர் கிடந்தது. குதிரை அதை ஆள் உயரத்துக்கு எழும்பித் தாண்டியது. மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகச் சாக்கடையில் விழுந்தார். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் குதிரையைக் கட்டையால் அடித்தார்கள். அடி வாங்கும்போதும் அது அந்த ஒயரைப் பார்த்துத்தான் மிரண்டுகொண்டிருந்தது.

வாத்தியார் என் தோளைத் தட்டினார்.

"தாண்டுறப்ப காலை எம்புட்டு அழகா மடக்குது பாத்தியா."