ஊர் சுற்றிய வெல்டிங் புத்தகம்

தொழிற்சாலை நூலகங்கள் ஒன்றுக்கொன்று புத்தகம் இரவல் கொடுத்துக்கொள்வது என்று ஹைதராபாத்தில் கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். முடிவு செய்தவர்கள் டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். அன்றிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் தொங்குவது மல்லாபூர் நூலகத்து அட்டெண்டர் ஏனோக்கின் தலையில் விழுந்தது. லாலாகுடா வீட்டில் இரவு படுத்தாலும் தோள் வலி கூடவே படுக்கும்.

ஒருநாள் என்ஜினீயர் ஒருவர் வெல்டிங் புத்தகம் கேட்டார். அலமாரியில் இல்லை. ஏனோக் போன முதல் நூலகம், அதை இன்னொரு நூலகத்துக்கு இரவல் கொடுத்திருந்தது. அந்த நூலகம் மூன்றாவதற்கு. வெயிலில் நாக்குத் தள்ள அலைந்து, மூன்றாவது இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தார்.

நூலகர் விஜயகுமாரி முதல் பக்கத்தைத் திருப்பினார். மல்லாபூர் முத்திரை! போன வருஷம் ஏனோக்கே சுமந்துபோய்க் கொடுத்த புத்தகம்.

"நம்மளுதுதானே மேடம், அலமாரியில வச்சிடறேன்."

"கையெழுத்துப் போட்டு இரவல் வாங்கியிருக்கீங்களே ஏனோக்! தவணைக்குள்ள அவங்களுக்குத் திருப்பிக் கொடுத்துடணும்."

மடித்து வைக்கப் போன பையை, திருப்பிக் கொடுக்கப் போகும் நாளுக்காக, ஏனோக் மறுபடியும் ஆணியில் மாட்டினார்.