நாறுகிற பாலும் சுஜாதா டீச்சர் கையும்

சிறப்பு ஆசிரியை வேலை என்பது, ஸ்கூட்டரில் பள்ளி பள்ளியாகப் போய் அடுத்தவர் பெற்ற பிள்ளைக்காகத் திட்டு வாங்குவது. என்னைப் போலவே திட்டையும் சம்பளத்தையும் சேர்த்து வாங்குகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முட்டை நாள்

பாறசாலைப் பக்கத்துப் பள்ளியில் ஆன்சி இரண்டாம் வகுப்பு. அவளுக்கு என் வாயில் நுழையாத பெயருள்ள அபூர்வ நோய். மீன், முட்டை, பருப்பு எதுவும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. தின்றால் ரத்தத்தில் ஏதோ ஏறி மூளையைத் தொடும். எரிச்சலும் அழுகையும் வரும். கிழங்கு, காய்கறி, அளந்த சோறு, அதோடு ஆஸ்பத்திரியில் தரும் ஒரு மாவுப்பால், அவ்வளவுதான் சாப்பாடு.

ஒரு முட்டை நாளில் அவள் வகுப்புப் பையன் ஒருவனின் முட்டையைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தாள். தடுக்கப் போன வகுப்பாசிரியை சுஜாதாவைக் கடித்துவிட்டாள். இன்னொரு கடி என்றால் வேறு பள்ளி பார்க்கலாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்தில் அவளைச் சேர்க்க வேறு பள்ளி கிடையாது. சுஜாதா கையை நீட்டிக் காட்டினார்.

"முட்ட திங்கக்கூடாது, செரி. டீச்சர் கைய திங்கலாம்ண்ணு டாக்டர் எழுதியிருக்காரா?"

மாமன் மேல் சந்தேகம்

கடித்தது நோயின் வேலை, யாரோ அவளுக்குக் கள்ளத்தனமாக மீன் கொடுக்கிறார்கள் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். குற்றவாளி, கடலுக்குப் போகும் தாய்மாமன் ஸ்டீபன். படகு கரையேறும் நாளில் ஆன்சி அவன் மடியை விட்டு இறங்கமாட்டாள். கடற்கரைக்கே போய் விசாரணை நடத்தினேன். அவன் தன் தட்டைத் திருப்பிக் காட்டினான். வெறும் மரச்சீனிக் கிழங்கு.

"அவ பக்கத்துல இருந்தா நான் மீன் தொடமாட்டேன் டீச்சறே. கூட்டாளிமாரு கேட்டா வயித்துவலிண்ணு சொல்லுவேன். இந்தக் கரையில மீனில்லாம கிழங்கு திங்குறவன் நான் ஒருத்தன் ஆக்கும்."

நல்ல ரத்தம்

ஆன்சியின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவள் அம்மா சந்தோஷமாகப் போன் செய்தாள். எனக்கு முகம் தொங்கிவிட்டது. நோயைச் சொல்லித் தப்பிக்கலாம் என்றிருந்தேன், அதுவும் போயிற்று.

மறுநாள் மதியம் போனபோது ஆன்சி வராந்தாவில் தனியாக உட்கார்ந்து அந்தப் பாலைக் குடித்துக்கொண்டிருந்தாள். நாற்றம் வாசலிலேயே என்னை வரவேற்றது. அதற்காகத்தான் முதலிலிருந்தே சாப்பாட்டு நேரத்தில் அவளை வெளியே உட்கார வைக்கிறார்களாம். பிள்ளைகள் ஜன்னல் வழியே மூக்கைப் பொத்திக் காட்டினார்கள். உள்ளே சுஜாதா கருவாட்டுத் துவையல் டப்பாவைத் திறந்திருந்தார். ஏன் கடித்தாய் என்று அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"கருவாடு நாறினா உள்ள. என் பாலு நாறினா வெளிய. பின்ன கடிக்காம?"

உள்ளே

அதை அப்படியே சுஜாதாவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் டப்பாவை மூடினார், வராந்தாவுக்குப் போனார், ஆன்சியின் நாற்காலியைத் தூக்கி வந்து தன் மேசையோரம் போட்டார். அதற்குப் பிறகு கடி இல்லை. வேறு பள்ளிப் பேச்சும் இல்லை. நாற்றம் எப்படி இருக்கிறது என்று பிறகொரு நாள் விசாரித்தேன்.

"மூக்கு பழகிப்போச்சு. கைக்குத்தான் கடி பழகல்ல."

ஒரு பிள்ளைக்கு ஏன் கோபம் வந்தது என்று கேட்கக் கற்றுத்தர எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தால் போகலாம்தான், ஆனால் அங்கேயும் ஆன்சி மாதிரி ஒரு பிள்ளையை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு எங்களுக்கு முட்டை போடுவார்கள்.